மதினிக்கு எடுத்த அளவு

மனைவி தூங்கும்போது அவளைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை டேப் பிடித்து அளந்த ஒரே கணவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் கப்பல் அண்ணாச்சிதான். அதைக் கண்ணால் பார்த்த பாவி நான்.

தென்காசியில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே அவர் வீடு. தொழில், வீடு வீடாகப் போய்ச் சமையலறைக்குக் கப்போர்டு அடிப்பது. ஒருநாள் போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் ப்ளைவுட்டில் சின்னப் பாய்மரப் படகு கட்டி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, ஊர் ஊராகப் போவதைப் பார்த்துவிட்டார். முடிந்தது கதை! மறுநாளே சோபா, டிவி, சாமி படம் எல்லாம் அடுக்களைக்குப் போய்விட்டன. ஹாலில் பன்னிரண்டு அடிப் படகு வளர ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, கடல் தூத்துக்குடியில்லா கெடக்கு?" என்றேன்.

"கடலு கெடந்த எடத்துலதான் கெடக்கும். நாமதானடே போணும்?"

வாசல் வழியாக வெளியே வருமா என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். படகுக்குப் படம் வரையும் முன்பே வாசலை அளந்துவிட்டாராம். "கப்போர்டு அடிக்கவன்ட்ட கேக்க கேள்வியாடே இது?"

எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டார். ஒட்டிய பசை தண்ணீர் தாங்குமா என்று பார்க்க, அதே பலகையில் ஒரு பெட்டி செய்து, உள்ளே முறுக்கை வைத்து மூடி, ஐந்தருவிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கூட நான், வேறு யார்? நல்ல சீசன் கூட்டம். அருவிக்கு நேர் கீழே பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி அரை மணி நேரம் நின்றார். குளிக்க வந்த ஜனம் மிரண்டு விலகியது. ஒரு போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

"பெட்டிக்குள்ள என்னவே?"

அண்ணாச்சி மூடியைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கடக்! "நமத்துப் போகல சார்! நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க."

போலீஸ்காரர் அதிர்ச்சியில் வாங்கித் தின்றுவிட்டார். என் மானம் அருவியோடு போயிற்று.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்கு மட்டும் படகு ஆகவே ஆகாது. "நான் செத்தாலும் அதுல காலு வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் லேசுப்பட்டவரில்லை. "அவ ஏறுனாத்தான் கடல்ல எறக்குவேன். இல்லன்னா ஹால்லயே கெடக்கட்டும்" என்றார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட, பியூஸ் பார்க்கக் கீழே இறங்கினேன். கதவு திறந்திருந்தது. படகுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மதினி மல்லாந்து கிடக்கிறார். சுற்றிலும் வெள்ளைக் கோடு. கால்மாட்டில் அண்ணாச்சி, கையில் டேப், காதில் பென்சில்.

"ஐயையோ, கொன்னுட்டாரே!"

நான் போட்ட கூச்சலில், செத்தவர் எழுந்து உட்கார்ந்தார். நான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

மதினி கோட்டைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். "உசிரோட இருக்கவளுக்கு அளவு எடுக்குதியளா? எதுக்கு, பாடைக்கா?"

"ஏட்டி, படகுல நீ படுக்கதுக்குட்டி! முழிச்சிருந்தா அளக்க விடுவியா?"

சாயங்காலத்துக்குள் மதினி செங்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம். அண்ணாச்சி இரண்டு படுக்கைகளையும் அடித்து, பெயிண்டும் பூசி முடித்துவிட்டு, படகுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். "நீ கத்தாம இருந்தா அவ முழிச்சிருக்கவே மாட்டாடே" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் முனகல் வேறு. தாங்க முடியாமல் நானே செங்கோட்டைக்குப் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

மதினி வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"படுங்க."

"யாரு, நானா?"

"ஆமா. எனக்கு மட்டும் எடுத்தா எப்படி? உங்களுக்கும் எடுப்போம். போறதுன்னா ரெண்டு பேரும் சேந்தே போவோம்!"

நெட்டையான மனிதர், தரையில் நீட்டிப் படுத்தார். மதினியே கோடு போட்டார், அளந்தார். ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. பிறகு படகுக்குள் தலையை விட்டு இரண்டு படுக்கைகளையும் அளந்தார். மதினிக்கு அடித்த படுக்கை ஐந்தரை அடி, தாராளம். அண்ணாச்சியுடையது நாலரை அடி.

"கணக்கு தப்பிட்டே! எப்படிக் கால நீட்டுவிய?"

"தப்பலட்டி. பாய்மரம் ஒரு பக்கத்த அடைச்சிக்கிடுது. ஒரு ஆளுதான் நீட்டிப் படுக்க முடியும்." அண்ணாச்சி தரையில் கிடந்தபடியே விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "நான் மடக்கிக்கிடுவேன்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று மதினி கத்தினார். கத்தலும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கரையில் படகை இறக்கினார்கள். மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினார். பாய் உப்பியது. அலை ஒரு தூக்கு தூக்கியது. இரண்டாவது அலையில் அண்ணாச்சி குனிந்து வாந்தி எடுத்தார். நாலு வருஷமாக இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது! மதினி அவர் கையிலிருந்து சுக்கானைப் பிடுங்கிக்கொண்டார். மதினி போட்ட சத்தம் கரையில் நின்ற எனக்கே கேட்டது.

"போங்க! போயி என் எடத்துல நல்லா நீட்டிப் படுங்க!"

கிறுக்கன், கிறுக்கன் என்று அந்த மனிதரை நான் ஏசாத நாளில்லை. அன்றைக்குப் பாய் கண்ணுக்கு மறைகிறவரை அங்கேயே நின்றேன். திரும்பி வருகிறவரையும் நின்றேன்.