டின்கப் சுரங்கத்தில் ஒரே ஒரு குறை

சுரங்க வாசலில் காரை நிறுத்திவிட்டு வெர்னன் இறங்குவதற்குள், அவன் கையில் காபிக் கோப்பையைத் திணித்துவிட்டார் மேஸ்திரி கஸ்.

"நான் வர்றேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். காபி கொஞ்சம் மிஞ்சிப்போச்சு. உங்களுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைதானே?"

நெவாடாவில் சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் சொல்லாமல்தான் வர வேண்டும். அதுதான் சட்டம். வெர்னன் எட்சார்ட்டும் யாரிடமும் மூச்சுவிடாமல்தான் வந்தான். உள்ளே போனால் தொழிலாளிகள் கல்யாண வீட்டுக்காரர்கள் போல, புத்தம்புது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். நூறு வருஷத்து வெள்ளிச் சுரங்கம். ஆனால் கல் உடைக்கும் இயந்திரம் பாத்திரக் கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் பளபளத்தது. தரையில் ஒரு துருப்பிடித்த ஆணிகூட இல்லை.

வெர்னனின் பகுதியில் இருப்பதே இந்த ஒரு சுரங்கம்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகியும் ஒரு குறைகூட எழுதவில்லை. மேலதிகாரி அம்மா போனில் வறுத்தெடுத்தார்.

"ஒண்ணு உனக்குக் கண்ணு தெரியல, இல்ல லஞ்சத்துக்குக் கை நீளுது. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு குறையாவது எழுதிக் காட்டு. இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

டின்கப் ஊரில் தங்குவதற்கு ஒரே மோட்டல். முந்தின ராத்திரி அங்கேதான் தங்கியிருந்தான். நேராக அங்கே போனான்.

"லோரெட்டாம்மா, நான் ரூம் எடுத்ததும் மலைக்குப் போன் போடறீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லயா தம்பி? உன் துண்டைத் துவைக்கவே நேரம் போதல" என்றாள் மோட்டல்காரி லோரெட்டா, கையிலிருந்த போனின் வாயைப் பொத்திக்கொண்டே.

அடுத்த தடவை மோட்டல் பக்கமே போகவில்லை. அரசாங்கக் காரையும் விட்டுவிட்டு, மச்சானிடம் ஆடு ஏற்றும் வண்டியை இரவல் வாங்கினான். சந்தேகம் வரக்கூடாதென்று பின்னால் நாலு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு போனான்.

வாசலில் காபியோடு கஸ். காலடியில் ஒரு வாளி.

"ஆட்டுக்குத் தண்ணி வச்சிருக்கேன் சார்."

மூன்றாவது தடவை மலைக்குப் பின்பக்கமாக, புதர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து ஏறினான். பாதி வழியில் கால் பிசகி உருண்டான். அவன் 'ஐயோ' என்று வாய் திறந்து நாலாவது நிமிடம், சுரங்கத்தின் மீட்புக் குழு ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றது. அவ்வளவு வேகமாக வந்தால் பாராட்டி எழுத வேண்டும் என்பது விதி. எழுதினான்.

"குறை கேட்டா பாராட்டுப் பத்திரமா அனுப்பறே?" என்றார் மேலதிகாரி அம்மா.

மாதத்தின் கடைசி நாள். பெண்டாட்டியிடம்கூடப் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பழைய பண்ணைப் பாதை வழியாக நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தான். காலை பத்து மணி.

காபி இல்லை. கஸ் இல்லை. இயந்திரச் சத்தமும் இல்லை. லாரி ஓட்டும் ட்வைலா மட்டும், கல் ஏற்றும் பெல்ட்டின் கம்பிகளில் ஈரத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

வெர்னன் சந்தோஷமாக நோட்டை எடுத்தான்.

"வேலை நாள் அதுவுமா மேஸ்திரி எங்க?"

"மீன் பிடிக்கப் போயிருக்கார்."

"மத்தவங்க?"

"ஒருத்தர் ஸ்கூல் பஸ் ஓட்டறார். ரெண்டு பேர் லோரெட்டா மோட்டலுக்குக் கூரை மாத்தறாங்க."

"மாட்டினீங்களா? எல்லாத்தையும் எழுதப் போறேன்."

"எழுதுங்க சார். எழுதினா சுரங்கத்தை மூடிடுவாங்க. மூடினா சட்டப்படி மொதலாளி பெருஞ்செலவு பண்ணி இந்த மலையைப் பழையபடி நெரவிக் குடுக்கணும். எங்க பத்து பேர் சம்பளம் நின்னுடும். உங்களுக்கும் இந்தப் பக்கம் வேலை இருக்காது."

"ஒரு குறை எழுதினதுக்கு யாராவது சுரங்கத்தையே மூடுவாங்களா?"

ட்வைலா கீழே கிடந்த சட்டையை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"மூடறதுக்கு இங்க என்ன சார் இருக்கு? வெள்ளி தீர்ந்தே ஒம்பது வருஷமாச்சு. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் இது சுரங்கம்."