மறுகா அண்ணை தின்ற தாரா

லிஃப்டுக்குள் ஏறும்முன் அதன் கதவைத் தொட்டுக் கும்பிட்ட மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பயப்படுவதில் அவருக்கு நிகரான ஆள் ரொறன்ரோவில் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. மற்றவர்கள் ஏதாவது நடந்தால் பயப்படுவார்கள். அவர் ஒன்றும் நடக்காவிட்டால் கூடுதலாகப் பயப்படுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைப் பாவிப்பதில்லை. மட்டக்களப்பு ஆள். யாழ்ப்பாணத்தார் 'பிறகு' என்று சொல்வதை அவர்கள் 'மறுகா' என்பார்கள். எந்தக் கதையைச் சொன்னாலும், அது முடிந்துபோன கதையாக இருந்தாலும், "மறுகா?" என்பார்.

"அண்ணை, பஸ் வந்தது, ஏறினன், வேலைக்குப் போனன்."

"மறுகா?"

"வேலை செய்தன்."

"மறுகா?"

கடைசியில் நாங்களே ஒரு சின்ன விபத்தைக் கற்பனை பண்ணிச் சொன்னால்தான் மனிதர் மூச்சு விடுவார். அதனால் அவர் மறுகா அண்ணை ஆனார்.

எண்பத்தாறில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் மூன்று பேர் இருந்தோம். நான், மன்னார்ச் சேவியர், மறுகா அண்ணை. எங்கள் இருவருக்கும் இருபதுகளில் வயது, அண்ணைக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. 'மகனே' என்பதை 'மனே' என்று சுருக்கித்தான் எங்களைக் கூப்பிடுவார். கூரையிலிருந்த புகை அலாரத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அது நாங்கள் பேசுவதைக் கேட்கிறது என்பது அண்ணையின் முடிவு. அதற்குக் கீழே வந்தால் குரலைத் தாழ்த்துவார். "நல்ல நாடு, நல்ல சனம்" என்று அதை அண்ணாந்து பார்த்து இடைக்கிடை சொல்லியும் வைப்பார். ஒருநாள் கடுகு தாளித்தபோது அது அலறத் தொடங்கியது. சேவியர் கதிரையில் ஏறி, துவாயை வீசி அதை அடக்கிவிட்டுத் திரும்பினால் அண்ணையைக் காணவில்லை. கோட்டும் தொப்பியும் போட்டு, பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி பல்கனியில் நின்றார்.

"பொலிஸ் வந்திட்டோ மனே?"

சிரிப்போம். ஆனால் அந்தப் பயங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய பயம் இருந்தது எங்களுக்கும் தெரியும். மனைவி மலரும் ஐந்து வயது மகள் வாணியும் ஊரில். இவர் ஸ்பொன்சர் பண்ணிவிட்டுக் காத்திருந்தார். ஊரிலிருந்து வரும் செய்தி ஒன்றாவது நல்லதாக இல்லை. தொலைபேசி அடித்தால் சுவரிலிருந்த சாமிப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பார். அடிக்காவிட்டால் றிசீவரைத் தூக்கி, அதற்கு உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார். தான் தூக்கி வைத்திருக்கும் நேரத்தில் மலர் கோல் எடுத்தால் என்னாகும் என்ற யோசனை வந்ததும், நெருப்பைத் தொட்டதுபோல் கீழே வைப்பார்.

அவர்கள் வந்து இறங்கும்வரை மீன், இறைச்சி, முட்டை தொடுவதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி. வாவி நண்டும் இறாலும் தின்று வளர்ந்த மனிதருக்கு இது சின்னக் காரியமில்லை. சேவியர் மீன் பொரித்தால் அண்ணை குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார்.

"மணமும் சாப்பாட்டில சேர்த்திதான் மனே. பிள்ளையார் கேட்டா நான் என்ன சொல்லுற?"

ஞாயிறு மத்தியானங்களில் பக்கத்துப் பிளாசாவில் உடுப்புத் துவைக்கப் போவோம். அந்த லோண்டிரிக்குள் இருக்கவே முடியாது, அவ்வளவு புழுக்கம். வெளியே நின்றால் காது விறைத்து விழும். அப்படி ஒரு ஞாயிறு, மூன்று பேரும் அடுத்த கடையின் வாசலில் ஒதுங்கி நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கட்டையாக, ஏப்ரன் கட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"கம், கம். ரூ கோல்ட்" என்றவர் அண்ணையின் கோட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அண்ணை என் கையைப் பிடித்தார், நான் சேவியரைப் பிடித்தேன். மூவரும் தொடராக உள்ளே போனோம்.

நாலைந்து மேசைகள் கொண்ட சின்ன உணவகம். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தேயிலை டப்பாக்கள். அந்தப் பெண்ணுக்கு லின் என்று பெயர், எங்களுக்கு லின் அன்ரி. சமைப்பது அவருடைய கணவர். குசினித் துவாரத்தால் அவருடைய இரண்டு கைகளை மட்டும் காணலாம்.

"இது எந்த நாட்டுச் சாப்பாடு மனே?" என்று அண்ணை இரகசியமாகக் கேட்டார்.

"தாய்வான் அண்ணை. எங்கடை மாதிரி அதுவும் ஒரு தீவுதான்."

"தீவோ?" அண்ணையின் முகம் இளகியது. "அப்ப சனம் பாவம்."

லின் அன்ரி ஒரு குட்டிக் கேத்திலில் தேயிலையைப் போட்டு, சுடுதண்ணீர் விட்டு, அந்த முதல் தேநீரை அப்படியே தட்டில் ஊற்றிக் கொட்டினார். தேயிலையைக் கழுவுவது அவர்கள் முறை. அண்ணை பதறிவிட்டார். "தேத்தண்ணியில ஏதோ விழுந்திட்டுது போல. வா மனே போவம்." இரண்டாவது ஊற்று எங்களுக்கு வந்தது. பால் இல்லை, சீனி இல்லை, கோப்பைக்குக் காதுகூட இல்லை. ஆனால் வாசனை மூக்குக்குள் போய்த் தோளைத் தளர்த்தியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கோப்பையில் மிச்சம் விடுவது மரியாதைக் குறைவு என்று அண்ணை பயந்தார். விருந்தாளியின் கோப்பையை வெறுமையாக விடுவது மரியாதைக் குறைவு என்பது லின் அன்ரியின் கொள்கை. அவர் குடிக்க இவர் ஊற்ற, இவர் ஊற்ற அவர் குடிக்க, யாரும் தோற்கிறமாதிரித் தெரியவில்லை. அண்ணையின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"சேவியர், இதை எப்புடி நிப்பாட்டுற?"

"குடிக்காமல் விடுங்கோ அண்ணை."

"கோவிச்சா?"

கடைசியில் கழிப்பறை இருக்கும் திசையைக் கேட்டு ஓடித்தான் தப்பினார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனோம். அண்ணை மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார், மனைவியும் மகளும் வரும்வரை கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்று சேவியர் ஒருநாள் விளக்கினான். லின் அன்ரி நெஞ்சில் கைவைத்து அண்ணையை ஒருமுறை பார்த்தார். தன் தாயும் அப்படித்தான், இறைச்சி தொடாதவர் என்றார். அன்றிலிருந்து அண்ணைக்கென்று தனிச் சட்டி. காளான் நூடில்ஸ், இஞ்சி போட்ட சோயாக் கட்டி, பெயர் தெரியாத கீரைகள். ஒவ்வொரு காளானையும் அண்ணை முள்ளுக்கரண்டியில் குத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது முந்தி உயிரோட நடந்து திரிஞ்சதோ?" என்று என்னைக் கேட்கச் சொல்வார். நான் கேட்பேன். லின் அன்ரி சலிக்காமல் இல்லை என்பார். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணை குத்திப் பார்ப்பதை விட்டார். அந்த ஊரில் அவர் பயப்படாத ஒரே கதிரை அந்தக் கடையில் இருந்தது.

விசா வந்தது. மலரும் வாணியும் கொழும்புக்கு வந்து ஒரு உறவினர் வீட்டில் தங்கினார்கள். அந்த வாரமே விமானம். அதைக் கேட்ட லின் அன்ரி கைதட்டிக்கொண்டு குசினிக்குள் ஓடி, நெடுநேரம் கழித்து ஒரு பெரிய தட்டோடு வந்தார். பொன்னிறத் துண்டுகள், மேலே மொறுமொறுவென்று சுருங்கிய தோல், கறுத்த இனிப்புக் குழம்பு. அண்ணை ஒன்றைத் தின்றார். கண்ணை மூடினார். பிறகு தட்டை எங்கள் பக்கம் தள்ளவேயில்லை. ஊரை விட்டு வந்தபிறகு அந்த மனிதர் பயமில்லாமல் சாப்பிட்டதை அன்றுதான் கண்டேன்.

தட்டு வெறுமையானபின்தான், "இதுக்கு என்ன பேர் எண்டு கேள் மனே" என்றார்.

லின் அன்ரி முகம் மலர்ந்து, இரண்டு முழங்கைகளையும் செட்டைபோல் அடித்துக் காட்டினார். "டக்!"

சேவியரின் தேநீர் பாதி வழியில் நின்றது.

"தாராவோ?" என்றார் அண்ணை.

"டக், டக்! வெரி குட் டக்!"

கதிரை விழுந்தது. அண்ணை கோட்டை விட்டுவிட்டுப் பனிக்குள் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது லின் அன்ரி கேத்திலும் கையுமாக வாசலில் நின்றார்.

வீட்டில் அண்ணை வாயைக் கொப்பளித்தார், தலையில் பச்சைத் தண்ணீர் வார்த்தார், சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். அலாரம் அலறியது. அவர் அசையவில்லை. "கத்தட்டும். எனக்கு இது வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரமே கொழும்பிலிருந்து தொலைபேசி. வாணிக்கு மேலெல்லாம் கொப்புளம், அம்மை, ஊர்ப் பேச்சில் அம்மாள் வருத்தம், மாறும்வரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அண்ணை றிசீவரை வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"பார்த்தியா மனே? நான் தாரா திண்டன். அம்மாள் நேரா கொழும்புக்கே வந்திட்டா."

"அண்ணை, கொப்புளம் முந்தநாளே வந்திட்டுதாம். நீங்கள் சாப்பிட்டது இண்டைக்கு."

"நான் திம்பன் எண்டு அம்மாளுக்கு முதலே தெரியும்தானே."

அன்றிலிருந்து அண்ணை சோற்றையும் விட்டார். தண்ணீரும் ஒரு வாழைப்பழமும். பிளாசாவைச் சுற்றி வேறு தெருவால் பஸ்ஸுக்குப் போனார். கன்னம் ஒட்டியது. வேலையிடத்தில் தலைசுற்றி விழுந்து, யாரோ கொண்டுவந்து விட்டார்கள். ஒவ்வொரு நாளும் கொழும்புக்குக் கோல் எடுப்பார். மலரக்கா "காய்ச்சல் குறைஞ்சிட்டு, நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லச் சொல்ல, அவள் எதையோ மறைக்கிறாள் என்று இவர் உருகினார். சேவியர் பகிடி விடுவதை நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் மாறி மாறி அவரைக் காவல் பார்த்தோம்.

பொறுக்கமுடியாமல் நாங்கள் லின் அன்ரியிடம் போனோம். உள்ளுக்குள் எனக்குக் கோபம்தான். நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்து ஒரு சத்தம் போட்டார், குசினித் துவாரத்தில் முதல் தடவையாகக் கணவரின் முகமே தெரிந்தது.

கடை பூட்டுகிற திங்கட்கிழமை எங்கள் கதவு தட்டப்பட்டது. லின் அன்ரி ஒரு கையில் மாப் பையும் மறுகையில் மடித்த கோட்டுமாக நின்றார். அண்ணை சாமிப் படத்தின் பக்கம் நகர்ந்தார். அன்ரி நேரே எங்கள் குசினிக்குள் போய், கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். உருண்டையைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவத் தொடங்கினார். வெள்ளை வெள்ளையாக மா கரைந்து ஓடியது. அண்ணை ஒரு அடி கிட்ட வந்தார். கழுவக் கழுவ உருண்டை சிறுத்து, கடைசியில் கையில் இழுபடும் ஒரு சவ்வு மட்டும் மிஞ்சியது. அதைப் பிய்த்துக் காட்டினார். இறைச்சியின் நார் அப்படியே இருந்தது.

"டக்" என்றார் லின் அன்ரி. பிறகு மாப் பையைத் தட்டினார். "நோ டக். மை மதர் டக்."

"அவவின்ரை அம்மா சாப்பிட்ட தாராவாம் அண்ணை" என்றான் சேவியர். "இறைச்சி தொடாதவையள் மாவிலை செய்யிற தாரா. பேர் மட்டும்தான் தாரா."

அண்ணை சவ்வை வாங்கி, இழுத்து, விட்டு, மீண்டும் இழுத்தார்.

"மறுகா... தோல்?"

அன்ரி பையிலிருந்து காய்ந்த ஏடு ஒன்றை எடுத்தார். சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படரும் ஆடை. அண்ணை அதையும் தொட்டார். பிறகு மா கழுவிய குழாயடித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவில், "அப்ப அம்மாள் ஏன் வந்தவ?" என்று கேட்டார்.

"பிள்ளையைப் பாக்க வந்திருப்பா அண்ணை. தூரப் பயணம் போறா எல்லே?" என்றான் சேவியர். அந்த மன்னார்க் கத்தோலிக்கன் எங்கிருந்து அதைப் பிடித்தானோ தெரியாது. அண்ணை தலையை ஆட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புதிதாக ஒன்றுக்குப் பயந்தார். "நான் கதிரைய விழுத்திட்டு ஓடினன். அந்த மனிசி என்ன நினைச்சிருக்கும்?" லின் அன்ரி கோட்டை விரித்து அவர் தோளில் போட்டார். அன்று அண்ணை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வாணிக்குச் சுகமாகி, கொப்புளத் தழும்போடு தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். சேவியர் வாங்கியிருந்த பழைய காரில் விமான நிலையத்திலிருந்து நேரே லின் அன்ரியின் கடைக்கு. வேறெங்கும் போக அண்ணை சம்மதிக்கவில்லை. சேவியர் எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்தப் போனான். லின் அன்ரி வாணியைத் தூக்கிக் கன்னத்தைத் தடவினார். நேர்த்தி முடிந்ததென்று அவருக்குத் தெரியும். மேசையில் ஒரு பெரிய நண்டு, இஞ்சியும் வெங்காயத் தாளும் போட்டு, ஆவி பறக்க.

மலரக்கா அமைதியான பெண். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நண்டை உடைத்தார். நல்ல சதையாகப் பார்த்துக் கணவரின் தட்டில் வைத்தார். அவரைக் காணவில்லை. கண்ணாடி யன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்களன், நண்டு ஆறுது."

"சேவியர் இன்னும் வரல்ல புள்ள."

"கார் விடத்தானே போன தம்பி?"

"பனி கொட்டுது. அந்தப் பக்கம் சறுக்கும். நீங்க சாப்பிடுங்க, நான் அவன் வந்தாப்போல வாறன்."

மனைவி வந்தாயிற்று, மகள் வந்தாயிற்று, இரண்டு வருடமாகத் தொடாத நண்டு தட்டில் கிடக்கிறது. மனிதர் ஒரு விரலைக்கூட அதில் வைக்கவில்லை. அவருடைய பயத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணை உள்ளங்கையால் கண்ணாடியில் படிந்த நீராவிப் புகாரைத் துடைத்து, எனக்கும் பார்க்கக் கொஞ்சம் இடம் விட்டார்.