வக்கீல் எதற்கு, மாமா இருக்கும்போது?

கீத்லி,
புதன்கிழமை, விடாத தூறல்

என் தங்கை பெற்ற தங்கமும், வயிற்றில் இன்னொரு தங்கத்தைச் சுமந்துகொண்டிருப்பவளுமான லொரெய்னுக்கு, மாமா வில்ஃப்ரெட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் எட்னா அத்தையும் என் இடது முழங்காலும் நலம். வலது முழங்காலைப் பற்றி நேரில் சொல்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரன் கீத்தும் நலமென்று நம்புகிறேன்.

மீன் வறுக்கும் கடையின் மாடியில் எண்ணெய் வாடை தாங்க முடியவில்லை, குழந்தை பிறப்பதற்குள் பிங்லியில் பேசி முடித்த அந்தச் சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஆனால் ஒன்றும் நகரவில்லை, இனியாவது பத்திரம் பார்க்க ஒரு வக்கீலை வைக்கட்டுமா என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் மனம் என்ன பாடுபட்டது தெரியுமா? உன் காகிதங்களையெல்லாம் வாங்கி என் சாப்பாட்டு மேசை மேல் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது யார்? எங்கள் வீட்டை விற்று, பிரிட்லிங்டன் கடற்கரையில் வீடு வாங்குகிற வேலையையும் வக்கீல் இல்லாமலே நடத்துவது யார்? நூலகத்தில் தடிமனான சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து பாதிவரை படித்தேன், மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். ஊகித்த பாதிதான் நன்றாக இருந்தது.

வக்கீல் என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறாய். வில்லங்கம் பார்க்கிறேன் என்று நகராட்சிக்கு ஒரு கடிதம் போடுவார், பதில் வரும்வரை மதியச் சாப்பாடு சாப்பிடுவார். வீட்டு ஏஜெண்டு சொல்லும் வக்கீலை வைக்கலாமா என்றால், ஏஜெண்டின் மச்சானுக்கு மாதாமாதம் விருந்து வைக்க உனக்கு ஆசையிருந்தால் தாராளமாக வை. எவ்வளவு நாள் ஆகும் என்றால், அது அவருடைய பசியைப் பொறுத்தது.

எங்கள் வீட்டை வாங்க வந்திருப்பது யாரோ ஒரு அம்மாள். நான் புல்தரைப் பந்து விளையாடப் போயிருந்தபோது உன் அத்தைதான் வீட்டைக் காட்டினாள். அந்த அம்மாளின் வக்கீல் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா? 'இப்போது இல்லை, அவர்கள் தோற்றுவிட்டார்கள்' என்று எழுதினேன். எல்லைச் சுவர் யாருடையது? 'வெயில் அடிக்கும் பக்கம் எனது, பாசி பிடித்த பக்கம் அவர்களது' என்று எழுதினேன். அதற்கப்புறம் கையெழுத்து கேட்டுக் கடிதம் மேல் கடிதமாக வருகிறது. நான் உறையைப் பிரிப்பதே இல்லை. முதலில் கையெழுத்துப் போடுகிறவன் இளிச்சவாயன், லொரெய்ன். அவர்கள் நடுங்கட்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று என் நல்ல தொப்பியை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, உனக்கு வீடு விற்கும் கிழவர் ஆக்ராய்டின் வாசலில் போய் நின்றேன். லண்டனிலிருந்து வந்த சட்ட ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். முதல் வேலையாகக் கூடத்தின் நடுவில் நின்று மூன்று முறை குதித்தேன். அடியில் நிலக்கரிச் சுரங்கம் போகிறதா என்று கண்டுபிடிக்க வக்கீல்கள் வாரக்கணக்கில் கடிதம் எழுதுவார்களே, அந்த வேலை அத்தோடு முடிந்தது. தரை இறங்கவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகள் இறங்கின.

"யோவ், என்னய்யா பண்றே? அது என் கல்யாணத் தட்டுய்யா!"

"உங்க தரை கெட்டி. வாழ்த்துகள்," என்றேன். "இப்ப சொல்லுங்க, எங்க வீட்டுப் பொண்ணைக் காக்க வைக்கிறது நியாயமா?"

"நானா காக்க வைக்கிறேன்? என் புறாக் கூண்டெல்லாம் கட்டி வச்சாச்சு. சில்ஸ்டன்ல பிக்கிள்ஸ் அம்மா வீட்டைத்தான் நான் வாங்கறேன். அந்தம்மா கிளம்பினாத்தானே நான் கிளம்ப முடியும்? அங்க போய்க் குதி, போ!"

ரயில் பெட்டி மாதிரி எல்லோரும் ஒருவரோடொருவர் கோத்துக்கொண்டிருக்கிறார்கள், லொரெய்ன். முன்னால் ஒரு பெட்டி நின்றால் கடைசிப் பெட்டியில் நீ மீன் வாடையோடு நிற்கிறாய். உடனே சில்ஸ்டனுக்குப் போய், அங்கேயும் லண்டன் ஆலோசகராகவே நின்றேன். பிக்கிள்ஸ் அம்மாள் அருமையான மனுஷி. எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டதால் பூச்சாடியில் டீயும், ஜாடி மூடியில் இஞ்சிக் கேக்கும் கொடுத்தாள். உட்கார்ந்ததும் அழாத குறையாக ஆரம்பித்தாள்.

"கீத்லிப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கான் ஐயா. அவன் வீட்டைத்தான் நான் வாங்கறேன். பொண்டாட்டி தங்கம். அவன் மண்டைக்கனம் புடிச்சவன். வக்கீலே வேண்டாம்னு தானே சட்டம் பேசறானாம். சுவர் யாருதுன்னு கேட்டா, வெயில் அடிக்கிற பக்கம் எனதுன்னு எழுதியிருக்கான்! கேட்டிருக்கீங்களா இப்படி?"

எனக்குச் சுருக்கென்றது. என் வாசகத்தை எவனோ திருடியிருக்கிறான்! அதுவும் நம் ஊரிலேயே!

"திருட்டுப் பய," என்றேன்.

"வாசல்ல மீன் பிடிக்கிற குள்ளன் பொம்மை வேற வச்சிருக்கான்."

"அதையுமா!" என்றேன். அது போன்ற பொம்மையை நான் எவ்வளவு யோசித்து வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். "அம்மா, இப்படிப்பட்டவனைக் கால்வாயில தள்ளணும். கையெழுத்துப் போட வக்கில்லாதவன் எதுக்கு வீடு விக்கிறான்?"

"அதேதான் நானும் சொல்றேன்! வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் விலகிக்குவேன். ஆக்ராய்டு புறாவோட அங்கேயே கிடக்கட்டும்."

இஞ்சிக் கேக்கை ஜாடி மூடியிலேயே திரும்ப வைத்தேன். இவள் விலகினால் ஆக்ராய்டு நகர மாட்டார். ஆக்ராய்டு நகராவிட்டால் உன் குழந்தை மீன் கடை மாடியில்தான் கண் திறக்கும். எழுந்து நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்து வாக்குக் கொடுத்தேன்: "வியாழக்கிழமை காலையில அவன் வாசல்ல நிக்கிறேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன். கையெழுத்தோட வரேன்." அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒருத்தரை அந்த ஆள் பார்த்ததே இருக்க மாட்டான்," என்றாள்.

ஆகவே வக்கீல் நினைப்பை விட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள். உனக்கும், உன் வீட்டுக்காரனுக்கும், வரப்போகும் குட்டிக்கும் எல்லா நலமும் வளமும், எண்ணெய் வாடையில்லாத காற்றும் கிடைக்க மனமார வாழ்த்தும் உன்

மாமா
வில்ஃப்ரெட் சக்டன்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க உன் அத்தையிடம் இதைக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, என் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்து, வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். "வாக்குக் குடுத்தீங்கள்ல? வியாழன் வரைக்கும் எதுக்கு? இப்பவே கேளுங்க," என்று கதவில் கடிதம் போடும் தபால் துவாரம் வழியாகச் சொன்னாள். அதற்குள் உனக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரு வக்கீல் அம்மாவிடம் போனில் பேசிவிட்டாளாம். அவர் உன்னைக் கூப்பிடுவார், சொன்னதைக் கேள். நான் மழையில் நின்று சொன்னபடியே நாலு கேள்வி கேட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவனால் ஒரு வார்த்தை பதில் பேச முடியவில்லை, லொரெய்ன்! பேனாவும் எங்கள் வீட்டுப் பத்திரமும் தபால் துவாரம் வழியாக வந்தன, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். எந்த வக்கீலால் இது முடியும்?