இப்ப வாங்காதீங்கோ!

சென்னையில் கொசுவுக்கு அடுத்தபடியாக, எந்த வீட்டுக்குள்ளும் அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய ஜீவன் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘இப்ப வாங்காதீங்கோ’ ஆசாமி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஃப்ரிட்ஜ் வாங்கப் புறப்பட்ட உங்களை வாசற்படியில் மடக்கி, பொங்கலுக்குத் தள்ளுபடி வரும் என்று திருப்பி உட்கார வைத்தவர் அவர்தான். பொங்கல் வந்ததும், ஆடி வரட்டும் என்றவரும் அவரே. மிக்ஸி, ஸ்கூட்டர் என்று சில்லறையாகத் திரிந்துகொண்டிருந்த இந்த இனத்துக்கு இப்போது கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்து வாய்த்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு புது மாடல், வாரத்துக்கு ஒரு விலை. இனி கேட்க வேண்டுமா?

மந்தைவெளி பரத்வாஜ் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத பிரதிநிதி. வயது நாற்பத்து மூன்று. மவுண்ட் ரோடு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க். லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் பாதி விலைக்கு வாங்கி, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மறு கையால் பக்கம் புரட்டி, எந்த சிப்புக்கு எவ்வளவு வேகம், எந்தத் திரைக்கு எத்தனை புள்ளி, தைவானில் மழை பெய்தால் சென்னையில் மெமரி விலை எவ்வளவு ஏறும் என்பது வரை கரைத்துக் குடித்தவர். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாரா? அது வேறு விஷயம்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஆடி மாதத்தில் இவரிடம் வந்து மாட்டினாள் தஹ்சீன். பக்கத்து மேஜை கலீமுல்லாவின் மனைவி. ராயப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகைகளுக்குச் சித்திரம் வரைகிறவள். பன்னிரண்டு வருடமாக அவள் கையால் வரைந்த மயிலும் மாவிலையும் தி.நகர் கார்டு கடைக்காரர் தங்கவேல் மூலம் ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தங்கவேல்தான் திடீரென்று கெடு வைத்துவிட்டார்.

“கல்யாண வீட்டுக்காரங்க மயிலைச் சின்னதாக்குங்கறாங்க, விளக்கைப் பெருசாக்குங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் நீ புதுசா வரைய மூணு நாள் ஆவுது. ஐப்பசி முகூர்த்தத்துலேர்ந்து ஃப்ளாப்பியில குடும்மா. இல்லாட்டி நான் வேற ஆளுதான் பாக்கணும்.”

தஹ்சீன் மூன்று மாதம் அடையாறுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டாள். சீட்டுப் பணமும் கைக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பதில். கம்பெனி மெஷினா, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்ததா?

“நம்ம பரத்வாஜ் சாரைக் கேட்ருவோம்” என்றார் கலீமுல்லா. விதி.

பரத்வாஜுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இப்படி ஒரு கேள்விக்காகத்தானே ஆறு வருடமாகப் படித்தார்? ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் ராயப்பேட்டையில் ஆஜரானார். இஞ்சி டீயை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

“அசெம்பிள்டுதான். கம்பெனிக்காரன் பெட்டிக்குச் சீல் வெச்சுக் குடுப்பான். நாளைக்கு மெமரி ஏத்தணும்னு நீங்க திறந்தேள்னா கேரண்டி போச்சு. படம் வரையற வேலைக்கு மெமரி ஏத்திண்டே இருக்கணும்மா.”

“அப்ப அடுத்த வாரமே வாங்கிடலாமாண்ணா?”

“அவசரப்படாதீங்கோ.”

ஆவணியில் மறுபடி வந்தார். முகத்தில் கவலை. “யோசிச்சுப் பார்த்தேன். கம்பெனிதான் நல்லது. அசெம்பிள்டுல திடீர்னு திரை அணைஞ்சுதுன்னு வெச்சுக்கோங்கோ, மானிட்டர் வித்தவன் டிஸ்ப்ளே கார்டு வித்தவனைக் கை காட்டுவான், அவன் போர்டு வித்தவனைக் கை காட்டுவான். நடுவில நீங்க நிப்பேள்.”

“சரிண்ணா, கம்பெனியே வாங்கிடறேன்.”

“இப்ப வாங்காதீங்கோ! புது சிப் வரப்போறது. பழசெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகும்.”

புரட்டாசியில் சிப் வரவில்லை. ஐப்பசியில் முகூர்த்தங்கள் வந்தன. பரத்வாஜும் வந்தார். மாசியில் பட்ஜெட், இறக்குமதி வரி இறங்கும், இத்தனை நாள் பொறுத்தவர்கள் இன்னும் நாலு மாதம் பொறுக்கக் கூடாதா? நோட்டில் கட்டம் போட்டு, பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மேலே இன்னொன்று எழுதினார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் மனதில் ஒரு துளிகூட இல்லை. வாங்கிய மறுநாள் விலை இறங்கிவிட்டால், தஹ்சீன் தன்னைப் பார்த்து ‘ஐயோ அண்ணா’ என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பஸ்ஸில் பத்திரிகை படிப்பது? அந்தப் பயம்தான்.

தை மாதம் கலீமுல்லா அவர் மேஜைக்கு வந்தார். “ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்க சார்.” பட்ஜெட் சம்பந்தமாக ஆலோசனை கேட்கத்தான் என்று நினைத்து, பரத்வாஜ் இரண்டு புதிய பத்திரிகைகளோடு போனார்.

சாப்பாட்டு மேஜை மேல் கம்ப்யூட்டர் இருந்தது.

தன்னைக் கேட்காமல் தன் பெண்ணுக்கு யாரோ கல்யாணம் பண்ணி வைத்தது போலிருந்தது அவருக்கு. சுற்றிவந்து பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“கம்பெனியா?”

“ரிச்சி தெருவில ஜவஹர்னு ஒருத்தர் சேர்த்துக் குடுத்தாருண்ணா.”

“மெமரி எவ்வளவு?”

“பதினாறு.”

“முப்பத்திரண்டு போட்டிருக்கலாம்.”

“பின்னாடி ஏத்திக்கலாம்னுதானே அசெம்பிள்டு வாங்கினேன்? நீங்க சொன்னதுதான்.”

“நானா சொன்னேன்?”

“ஆடியில சொன்னீங்க. ஆவணியில மாத்திட்டீங்க.” தஹ்சீன் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் போச்சுண்ணா. தங்கவேல் சார் வேற ஆள்கிட்ட குடுத்துட்டாரு. தை முகூர்த்தத்துக்குத்தான் கெஞ்சி நாலு டிசைன் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

பரத்வாஜ் அவள் கொடுத்திருந்த டீயைக் கீழே வைத்தார். இரண்டு மாதம் என்பது அவர் நோட்டில் ஒரு கட்டம். அது ஒரு வீட்டின் வேலை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

“உக்காருங்கண்ணா, நீங்களே திறந்து பாருங்க. திரையில படத்தோட பெயர் இருக்கில்ல, அது மேல மவுஸால ரெண்டு தட்டு தட்டணும், அவ்வளவுதான்.”

உட்கார்ந்தார். சிப்பின் வேகத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் வாழ்க்கையில் முதல் முறையாக மவுஸைத் தொட்டார். ஒரு தட்டு தட்டினார். சற்று யோசித்தார். இரண்டாவது தட்டு தட்டினார். படம் திறக்கவில்லை. பெயரை மாற்றப்போகிறாயா என்று கோடு மட்டும் கண் சிமிட்டியது.

“வேகமா தட்டணும்ணா. நடுவில யோசிக்கக் கூடாது.”

எட்டாவது முயற்சியில் திறந்தது. பாதி மயில். தஹ்சீன் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விசையைக் காட்டினாள். அழுத்தினார். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பாதி முளைத்து முழுத் தோகையும் விரிந்தது. “அடேயப்பா!” என்றார். மறுபடி செய்யச் சொன்னார். குழந்தை மாதிரி ஆறு தடவை செய்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி காமாக்ஷியிடம், “நம்மாத்துக்கும் ஒண்ணு வாங்கிடறேன். முடிவு பண்ணியாச்சு” என்றார்.

“நீங்களா? நிஜமாவா?” என்று காமாக்ஷி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை பாங்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு ரிச்சி தெரு மாடிப்படி ஏறினார். தஹ்சீன் சொன்னதாகச் சொன்னதும் ஜவஹர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“இன்னா சார், அதே மாதிரி போட்டுடலாமா?”

பரத்வாஜ் கை சட்டைப் பையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதைவிடப் புதுசு எப்ப வரது?”

ஜவஹர் கையிலிருந்த திருப்புளியால் காதைச் சொறிந்துகொண்டான். “அது வந்துக்கினேதான் கீது சார்.”

அவ்வளவு போதும் பரத்வாஜுக்கு. விலைப்பட்டியலை மட்டும் வாங்கி நாலாக மடித்துக்கொண்டு, பெரிய விபத்து ஒன்றிலிருந்து தப்பியவரைப் போல லேசான நெஞ்சோடு படியிறங்கினார்.

ஆகவே வாசகர்களே, ஜாக்கிரதை. இந்த இனம் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம். உங்கள் மேஜைக்கு எதிரே இருக்கலாம். ஏன் சொல்கிறேன் என்றால், பாண்டி பஜார் புத்தகக் கடையில் நின்றுகொண்டே இதைப் படித்து முடித்துவிட்டு, அட்டையைத் திருப்பி விலை பார்த்து, ‘ஜனவரியில் புத்தகக் கண்காட்சி வருகிறதே, பத்து சதவீதம் கழிவு கிடைக்கும்’ என்று புத்தகத்தை மறுபடி அலமாரியில் செருகப்போகிறீர்களே, அந்தக் கையைக் கொஞ்சம் பாருங்கள்.