மழை வராத ஊரில் தவளை கத்திய காலை

தவளையின் இதயத்துக்கு மூன்று அறைதான் என்பது தெரியாத ஆள் இராமநாதபுரம் ஜில்லாவில் எவராவது இருந்தால், அவர் என் ஹாஸ்டல் தோழன் ரிவிஷனின் கண்ணில் படாதவர் என்று அர்த்தம். கண்ணில் பட்டவர்கள் தப்பித்ததாகச் சரித்திரம் இல்லை.

ரிவிஷன் என்பது அவன் வாப்பா வைத்த பெயரல்ல. எப்போது கூப்பிட்டாலும், சாப்பாட்டு மணி அடித்த பிறகு கூப்பிட்டாலும்கூட, "ரிவிஷன்ல இருக்கேன்டா" என்றுதான் குரல் வரும். திருப்பாலைக்குடிக்காரன். கொடியில் காயப்போட்ட சட்டை காற்றடித்துத் தானாக இறங்கி நடந்து வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு உடம்பு. பி.யூ.சி.யில் மற்ற எல்லாப் பாடத்தையும் தாண்டிவிட்டான். உயிரியல் செய்முறைத் தேர்வு மட்டும் வருஷாவருஷம் அவனைக் கரையில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தவறியவன் ஹாஸ்டலில் தங்கக் கூடாது என்று விதி. ஆனால் வார்டனே அவனிடம் மண்புழுவின் நரம்பு மண்டலத்தில் பாதி கேட்டிருந்தார். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

அவன் படிக்கும் முறை அப்படி. தனியாக உட்கார்ந்து படித்தால் ஒரு எழுத்து நிற்காது. யாருக்காவது சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அந்தப் பாடம் சுத்தமாகத் தெரிந்திருக்கக் கூடாது.

"தெரியாதவுக மொகத்தப் பாத்தாத்தான் மாப்ள எனக்கு வார்த்த வருது" என்பான்.

"அப்ப பரீட்சையில என்ன கேடு?"

"அங்கன எக்ஸாமினருல்ல நிக்கிறாரு! அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. குருவிகிட்டப் போயி, றெக்கைய இப்பிடி அடிக்கணும்னு எப்பிடிடா சொல்றது?"

எக்ஸாமினர் முகத்தைப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். அறுத்து வைத்த தவளை ஒரு பக்கம், அறுபடாத மௌனம் ஒரு பக்கம். அவரும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

முடிதிருத்தும் அண்ணனிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சவரக் கத்தி கழுத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இவன் ஆரம்பித்திருக்கிறான்.

"அண்ணே, இப்ப நீங்க கத்திய வச்சிருக்கீகள்ல, அதுக்கு அடியிலதான் கரோட்டிட் ஓடுது. பெரிய ரத்தக்குழா. லேசாப் பட்டாப் போதும், ஆளு முடிஞ்சான்."

அண்ணன் கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார். "எந்திரிலே. இம்புட்டு நாளா எனக்குத் தெரியாது, நிம்மதியாச் செரைச்சேன். இனிமே எவன் கழுத்துல நான் கை வைப்பேன்?"

ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக ரிவிஷன் கடைத்தெரு வழியே நடந்து வந்தான். அவனுக்கு அது பெரிய வெற்றி. "வெளங்கிருச்சுடா அவருக்கு! நல்லா வெளங்கிருச்சு!"

ஆனால் நான் சொல்லும் வருஷம் சிரிப்பு அடங்கிய வருஷம். கொழும்பில் மாமாவின் ஜவுளிக்கடையில் அவனுக்கு ஒரு இடம் காத்திருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்தத் தடவையும் தவறினால் ராமேஸ்வரத்தில் கப்பல் ஏற்றிவிடுவதாக வாப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பான். சாந்தமாகச் சொன்னார்.

"துணி அளக்குறது ஒண்ணும் கேவலமில்ல மாப்ள" என்றான் ஒரு நாள், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து. "ஆனா கடைக்கு வாரவுகளுக்குத் துணியப் பத்தித் தெரியும். நான் அங்கன என்னத்தப் பேச?"

பரீட்சை கோடையில். கோடையில் எங்கள் பக்கம் தவளையைத் தேடுவது, தார்ப்பாலைவனத்தில் தோணி தேடுவது மாதிரி. கண்மாய் வெடித்துக் கிடக்கும். ஊருணியில் சேறுகூட இருக்காது. ரிவிஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்தரகோசமங்கைப் பக்கம் போய், ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கி, ஈரச்சாக்கில் தவளைகளோடு திரும்பி வந்தான். ஹாஸ்டலின் பின்புறத் தொட்டியில் விட்டான். தினம் ஒன்றை அறுத்துப் பழகுவதாகத் திட்டம். மிச்சமிருப்பவை வெயிலில் வாடிவிடக் கூடாதே என்று தோட்டக்காரரின் பூவாளியை வாங்கி, விடியற்காலையில் சாரல் மாதிரி நீர் தெளித்தான்.

முதலில் ஏமாந்தவை தவளைகள்தான். பரீட்சை நாள் காலை, பதற்றத்தில் அவன் வழக்கத்தைவிட நிறையவே தெளித்த சாரலை மழை என்றே நம்பி, அத்தனையும் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. என்ன கத்து! வறண்ட ஊரின் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் போல் இருந்தது. படுத்திருந்த நான் கண்ணைத் திறக்காமலே மண்வாசனைக்குக் காத்திருந்தேன்.

அடுத்து ஏமாந்தவர்கள் மிளகாய்க்காரப் பெண்கள். ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த பொட்டல்தான் அவர்களுக்கு மிளகாய் காயப்போடும் களம். அடிவானம்வரை சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு தூறல் பட்டால் வெள்ளை விழுந்து வீணாகிவிடும். தவளைச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அம்புட்டுப் பேரும் ஓடிவந்து மிளகாயைக் கூட்டி அள்ளிக் குவித்து, சாக்கும் பாயும் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். வானம் துடைத்து வைத்த வெண்கலத் தட்டு மாதிரி இருந்தது. மேகம் என்று ஒரு நூல்கூட இல்லை.

சத்தம் வந்த திசையைப் பிடித்து ஹாஸ்டல் தொட்டிக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற அக்காவின் இடுப்பில் இருந்த கை, எப்போது வேண்டுமானாலும் இறங்கும் போல இருந்தது.

"எவன்டா அவன், கோடையில தவள வளக்குறவன்?"

நாங்கள் எல்லோரும் ரிவிஷனைப் பார்த்தோம். ரிவிஷன் அந்தப் பெண்களைப் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. பாடம் தெரியாத முகங்கள், அத்தனையும் ஒரே இடத்தில்!

"அக்கா, இங்கன பாருங்க" என்று ஒரு தவளையைக் கையில் எடுத்தான். "கத்துறது பூராம் ஆம்பளத் தவள. தொண்டைக்கு ரெண்டு பக்கமும் பை இருக்கு பாருங்க. பொம்பளைக்கு இது கெடையாது."

"ஆம்பள வெட்டியாக் கத்துவான், பொம்பள ஓடிப்போயி மெளகா அள்ளணும். இதுக்குப் புஸ்தகம் வேறயாக்கும்!" என்றார் அக்கா. பின்னால் சிரிப்பு எழுந்தது. "வெயிலு வீணாப் போகுது. குமிச்சு வச்சா வெந்துபோகும். வா, நீயே பரத்திக் குடு."

"அவனுக்கு மத்தியானம் பரீட்சைக்கா" என்றேன் நான்.

"பரீட்சை மத்தியானந்தானே? வெயிலு இப்பல்ல அடிக்குது."

அதற்குள் ரிவிஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டான். மண்டியிட்டு இரண்டு கையாலும் மிளகாயைப் பரத்திக்கொண்டே தவளையின் வாயிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து குடல், கல்லீரல், இதயம் என்று பாடம் முழுவதையும் சொல்லி முடித்தான். அக்கா இடையிடையே கேள்வி போட்டார். "மூணு அறையா? மனுசனுக்கு?" "நாலுக்கா." "அப்ப அந்த நாலாவதுலதான் கள்ளத்தனமெல்லாம் இருக்கும் போல."

சவுக்காரம் தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் பரீட்சைக்கு வந்தான். குண்டு மிளகாய்க்குச் சவுக்காரம் எம்மாத்திரம்?

ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை அவனுக்கு. தவளையைத் தட்டில் கிடத்தி, ஊசி குத்தி, அழகாக அறுத்து விரித்துவிட்டான். மதுரையிலிருந்து வந்த எக்ஸாமினர், கண்ணாடியும் கடுகடுப்புமாக, அவனை நோக்கி நடந்து வந்தார். ரிவிஷனுக்கு வேர்த்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்தவன், விரலால் கண்ணையும் துடைத்துவிட்டான்.

அவ்வளவுதான். தாரை தாரையாகக் கண்ணீர். இமையைத் திறக்க முடியவில்லை.

"என்னப்பா, தவளைக்காகவா அழற?"

"இல்ல சார். மெளகா."

"மிளகாயா?" எக்ஸாமினர் தட்டைக் குனிந்து பார்த்தார். "சரி, இருக்கட்டும். இங்கே என்ன தெரியுது, சொல்லு."

ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. எக்ஸாமினரின் முகமும் தெரியவில்லை! இருட்டில் நின்றவன் விரலால் தட்டைத் தடவினான். உதடு அசைந்தது. என் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, இங்கன பாருங்க..."

கூடமே திரும்பியது. எக்ஸாமினர் தட்டின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். ரிவிஷன் சொல்லிக்கொண்டே போனான். விரல் போன இடமெல்லாம் பெயர் வந்தது, பெயர் வந்த இடமெல்லாம் வேலை வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, வெளிச்சத்த மறைக்கிறீக" என்று ஒரு தடவை சொன்னான். அவர் தள்ளி நின்றார். வேறு யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன்.

கடைசியில், கொஞ்சம் தணிந்த குரலில், எக்ஸாமினர் கேட்டார்: "ஆமா... இது எதுக்குக் கத்துது?"

"ஆம்பளதான் கத்தும்க்கா. சோடியக் கூப்புடுது. மழை வரும்னு நெனச்சுக்கிட்டு."

"போ. போய் முகத்தைக் கழுவு" என்றார் அவர். திரும்பி நடந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிளகாய் அவர்வரை போயிருக்க நியாயமில்லை.

ரிசல்ட் வந்த பத்திரிகையைப் பஸ் நிலையத்தில் பிடுங்கி விரித்தேன். நெரிசலில் விரல் வரிசை வரிசையாக ஓடியது. எண் கிடைத்ததும் கத்திக்கொண்டு களத்துப் பக்கம் ஓடினேன். "அக்கா, அவன் பாஸ்! கப்பல் ஏறமாட்டான்!" மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"அவன் பாஸாவான்னு எனக்குத் தெரியும்டா. நீ?"

அப்போதுதான் நினைவு வந்தது, என் எண்ணை நான் பார்க்கவே இல்லை என்று.