சம்பந்திகளுக்குச் சம உயரம்

அம்மாவின் கூரை, மாமியாரின் கூரையைவிட எட்டு அங்குலம் உயர்ந்து நின்றது.

கண்ணாடிக்கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையருகே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியும் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். ஆனால் அவர் கண்ணுக்குத் தப்பிய எட்டு அங்குலம், துவைத்த துணியோடு அந்தப் பக்கமாகப் போன மனைவிக்கு ஒரே பார்வையில் பட்டுவிட்டது.

"எங்க அம்மா ரூம் மட்டும் ஏன் பள்ளத்துல இருக்கு?" என்றாள்.

அவள் கூரியர் ஆபீசில் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் தன்னுடையதைச் சொல்வாள்.

மனை வாங்கியதும், வீடு வரைய ஆள் எதற்கு, அதற்குத்தான் சாஃப்ட்வேர் இருக்கிறதே என்று சவடால் விட்டவர் கண்ணாடிக்காரர்தான். நடுவில் கூடமும் அவர்கள் படுக்கையறையும். இடது பக்கம் அவர் அம்மாவுக்கு அறை, வலது பக்கம் அவள் அம்மாவுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் சம்பந்திகள் இருவருக்கும் சேர்த்து ஒரே அறைதான். ஏழெட்டு மாதமாகியும் இன்னும் போலீஸ் வரவில்லை என்றால் அது தங்கள் சாமர்த்தியம் என்று கணவனும் மனைவியும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்காரருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. புது வீட்டில் யாருக்காவது ஒரு குறை வைத்தால், அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விடுவாள். தன் அம்மா போனால் அவரால் தாங்க முடியாது. மாமியார் போனால் மனைவி அவரைத் தாங்க மாட்டாள். போதாததற்கு, சாயங்காலத்துக்குள் படம் வராவிட்டால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று கான்ட்ராக்டர் காலையிலேயே கழுத்தில் கத்தி வைத்திருந்தார்.

அவர் பொறுமையாக விளக்கினார். சுவரின் உயரமும் ஒன்று, கூரையின் சரிவும் ஒன்று. அம்மாவின் தையல் மிஷினுக்காக அவள் அறையை இரண்டடி அகலப்படுத்தியிருக்கிறது. அகலமான அறையில் கூரை அதிக தூரம் ஏறுகிறது, அதனால் முகடும் உயர்கிறது. இதில் யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது.

"வீட்டைப் பார்க்க வர்றவங்க டேப் வெச்சு அகலத்தையா அளப்பாங்க? ரோட்டுல நின்னு அண்ணாந்துதான் பார்ப்பாங்க. எங்க அம்மா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்குவாங்க."

வாயைத் திறக்காத மாமியாருக்குப் பயந்து, அவர் அம்மாவின் கூரையை எட்டு அங்குலம் இறக்கினார். முகடுகள் சமமாகிவிட்டன. ஆனால் சுவர் அப்படியே இருந்ததால், குல்லாயைக் கிழித்துக்கொண்டு வந்த தலை மாதிரி அது கூரைக்கு மேலே எட்டிப் பார்த்தது. சுவரையும் வெட்டினால் ஜன்னல் போய்விடும். இப்போது அவருக்கே ரோஷம் வந்தது.

"எங்க அம்மா மட்டும் குனிஞ்சு குனிஞ்சு நடக்கணுமா? அவங்களும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

ஏற்றியதை இறக்கினால்தானே தகராறு, இறங்கியதை ஏற்றுவோம் என்று அம்மாவின் கூரையைப் பழையபடி வைத்துவிட்டு மாமியாரின் கூரையைத் தூக்கினார். அது சுவரை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றது. இடைவெளியில் நீல வானம் தெரிந்தது. குருவிக் கூட்டம் ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகலாம். தன் அம்மாவுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்பதை மனைவி நினைவுபடுத்தினாள்.

அந்த இடைவெளியை அடைக்கச் சுவரை உயர்த்தினார். அங்கேதான் வினை வந்தது. சுவரைத் தொட்டால் கூரையைத் தானாகவே திருத்தும் வசதி ஒன்று அந்த சாஃப்ட்வேரில் இருந்தது. அதை அணைத்துவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. உயர்த்திய சுவர் கூடத்துக்கும் பொதுவான சுவர். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு வீட்டின் மொத்தக் கூரையையும் பிரித்துப்போட்டுத் தன் இஷ்டத்துக்குக் கட்டியது. எதிர்க்காற்றில் திரும்பிக்கொண்ட குடை மாதிரி ஏதோ ஒன்று திரையில் எழும்பி நின்றது. நாலு பக்கத்து மழையும் ஓடிவந்து சேரும் பள்ளம், சரியாக அவர்கள் கட்டிலுக்கு மேலே அமைந்தது.

"நனையறது நாமதானே, போகட்டும். முகடு சமமா இருக்கா?" என்றாள் மனைவி.

இல்லை. இப்போது மாமியாரின் கூரை ஓங்கிவிட்டது. மனைவி நிம்மதியாகத் துணி மடிக்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அந்தத் தானியங்கி வசதியைத் தேடிப்பிடித்து அணைத்தார். இந்தத் தடவை உயரத்தைத் தொடாமல் அம்மாவின் கூரைச் சரிவைக் குறைத்தார். முகடு சமம், சுவரும் சமம். ஆனால் ஒரு கூரை சப்பையாகவும் இன்னொன்று செங்குத்தாகவும் இருந்தன. சப்பைக் கூரை கூடத்தின் கூரையோடு சேர மறுத்துக் கையகலப் பிளவு விட்டது.

"எங்க அம்மா கூரையில ஒரு காக்கா உக்கார முடியுமா? சறுக்கி விழுந்துடும்."

"உங்க அம்மாவுக்கு அறை கட்டறோமா, காக்காய்க்கா?"

அதற்குப் பிறகு பேச்சு கூரையைப் பற்றியதாக இல்லை. கல்யாண போட்டோவில் யாருடைய அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது, யாருடைய அம்மா பாதி முகத்தோடு மாலைக்குப் பின்னால் மறைந்துபோனாள் என்பதெல்லாம் வெளியே வந்தன. இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கத்து அறையில் டிவி சத்தம் திடீரென்று கூடியது.

"கேட்டீங்களா? உங்க அம்மா எங்க அம்மாவை வெறுப்பேத்தறாங்க."

"ரிமோட் எப்பவும் உங்க அம்மா கையிலதான் இருக்கும்."

டிவி நின்றது. சம்பந்திகள் இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு ஒன்றாகவே படியிறங்கிப் போனார்கள். வீட்டுக்குள் மரியாதைக்காக அடக்கிவைத்ததைத் தெருவில் வைத்துத் தீர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று மனைவி சொன்னாள். கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருமுனையில் அவர் அம்மா மாமியாரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கை நீட்டற அளவுக்குப் போயாச்சு," என்றார் கலக்கத்தோடு.

இனித் தாமதிக்க முடியாது. கான்ட்ராக்டருக்கே போன் போட்டார். அகலம் ரெண்டும் ஒண்ணா இருந்தா முகடு தானா ஒண்ணாயிடும் சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வைத்துவிட்டார். கண்ணாடிக்காரர் அசடு வழிந்தபடி மனைவியைப் பார்த்தார். அம்மாவின் அறையைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை. மாமியாரின் அறையை இரண்டடி அகலமாக்கலாம். ஆனால் மனை ரப்பர் இல்லை. அந்த இரண்டடி அவர்கள் படுக்கையறையிலிருந்துதான் வர வேண்டும்.

வந்தது. படுக்கையறையில் கட்டில் போட்டதும் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே வருகிறவர் ஒருக்களித்து நுழைந்து, நேராகக் கட்டிலில் ஏறிவிட வேண்டியதுதான். பீரோ கூடத்துக்குப் போயிற்று. அவர் கடைசி எண்ணைத் தட்டினார். இரண்டு கூரைகளும் ஒரே சரிவில் எழும்பி, ஒரே உயரத்தில் முகடு கட்டி, கூடத்துக் கூரையோடு பிளவில்லாமல் போய்ச் சேர்ந்தன. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது வீடு.

மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். ரெண்டு அம்மாக்களும் நிம்மதியா இருந்தாப் போதும், நாம எப்படியாவது இருந்துக்கலாம் என்று அவள் சொன்னதும் அவர் அவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சண்டை பிடித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் அற்பமாகத் தெரிந்தது. படத்தைக் கான்ட்ராக்டருக்கு அனுப்பிவிட்டு, பெற்றவர்களுக்காகத் தியாகம் செய்த இரண்டு பேராக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சம்பந்திகள் திரும்பினார்கள். இருவர் உடம்பிலும் காயம் இல்லை. கண்ணாடிக்காரர் ஓடிப்போய் நாற்காலி போட்டார், ஒரே உயரமுள்ள இரண்டு நாற்காலிகளாகப் பார்த்து. திரையைத் திருப்பிக் காட்டினார். இது அம்மாவுக்கு, இது அத்தைக்கு, ஒரு நூல்கூட வித்தியாசம் கிடையாது என்றார். மனைவி அளவுகோலை வைத்துக் காட்டினாள்.

இரண்டு அம்மாக்களும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அம்மா, நீங்களே சொல்லிடுங்க சம்பந்தி என்று மெதுவாகச் சொன்னாள்.

மாமியார் கையிலிருந்த புதுச் சாவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, ஆனா நானும் சம்பந்தியும் பின் தெருவுல ஒத்தை ரூம் வீடு ஒண்ணு பார்த்துட்டோம், நாளைக்கே போறோம், எங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகுது, உங்க ரெண்டு பேரோடதான் இருக்க முடியல."