கேள்வியும் அவரே, பதிலும் அவரே

நம்மிடையே ஓர் இனம் உண்டு. வேலைக்கு மனுப்போட்ட எவரையும் இந்த இனத்தார் நிம்மதியாக நேர்காணலுக்குப் போகவிட்டதில்லை. "என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று இவர்கள் தொடங்கும்போது மாலை மணி ஐந்து என்றால், முடிப்பதற்குள் எதிரே இருந்தவர் எழுந்து போய், குளித்து, சாப்பிட்டு, திரும்பி வந்தும் அமர்ந்திருப்பார். அவர் போனதும் இவர்களுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. கேட்பவரும் இவர்களே, திணறுபவரும் இவர்களே, முடிவில் சபாஷ் போடுபவரும் இவர்களே. வேலை வேண்டியவர் மட்டும் வேறொருவர். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள்.

செந்துறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காசிநாதன் இவ்வினத்தின் குறைவற்ற மாதிரி. வாழ்நாளில் அவர் கலந்துகொண்ட நேர்காணல்கள் மூன்று. தேர்வானது ஒன்றிலும் இல்லை. நான்கு என்று அவர் சொல்வார். அரியலூரில் தவறான மாடிக்கு ஏறி, பல் மருத்துவரின் வாசலில் கோப்போடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததையும் சேர்த்துக் கொண்ட கணக்கு அது. "நாலு தடவ தோத்தவனுக்குத்தாங்க எல்லாக் கேள்வியும் தெரியும். மொத தடவையே பாஸானவனுக்கு என்ன தெரியும்?" என்பார். மறுக்க முடிகிறதா? சான்றிதழை நகலெடுக்க வருகிறவரிடம், இயந்திரத்தின் மூடியில் கையை வைத்தபடி, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் வாய் திறக்குமுன் அவரைப் பற்றி அவரிடமே சொல்லி முடித்துவிடுவார்.

இத்தகையவரின் மனைவிக்கே நேர்காணல் அழைப்பு வந்தால்?

வந்தது. அவர்கள் ஊர் அங்கன்வாடியில் பணியாளர் இடம் ஒன்று காலியாயிற்று. சுமதிக்கு அப்போது முப்பத்துநான்கு வயதும் ஏழு மாதமும். முப்பத்தைந்தைத் தாண்டினால் மனுவே போட முடியாது. எட்டு ஆண்டுகளாக விடிந்ததும் பஸ் பிடித்து, பெரம்பலூர் ஜவுளிக்கடை ஒன்றில் நாள் முழுதும் நின்றபடியே சேலை விரித்துக் காட்டி, இருட்டிய பிறகு வீங்கிய காலோடு வீடு திரும்புகிறவர். அங்கன்வாடியோ வீட்டிலிருந்து இருநூறு அடி. விட்டால் இனி இல்லை.

"கவலப்படாத, நான் இருக்கேன்ல" என்றார் காசிநாதன். சுமதிக்குக் கவலை அப்போதுதான் பிடித்தது.

கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. நடுவில் இருப்பவர் அதிகாரி, இடப்பக்கத்தவர் கடுகடுப்பானவர், வலப்பக்கத்தவர் சிரித்துக்கொண்டே கவிழ்ப்பவர். மூவரும் காசிநாதனே. சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்த சுமதியை நடு நாற்காலி தடுத்தது.

"உள்ள வரலாமான்னு கேட்டியா?"

"நம்ம வூட்டுக்குள்ள வர்றதுக்கு யாரங்க கேக்கறது?"

"பாத்தியா, அஞ்சு மார்க் போச்சு!"

பிறகு இடப்பக்க நாற்காலிக்குத் தாவி, தொண்டையைச் செருமி, "குழந்தை விடாம அழுவுது. என்ன செய்வீங்க?" என்றார். சுமதி உதட்டைப் பிரித்தார். அவ்வளவுதான் முடிந்தது. காசிநாதன் எழுந்தோடி, சுமதிக்கென்று போட்டிருந்த நான்காவது நாற்காலியில் தாமே அமர்ந்து, முதுகை நிமிர்த்தி, "ஐயா, அழுகை என்பது குழந்தையின் முதல் மொழி. அம்மொழியைக் கனிவுடன் செவிமடுத்து, அதன் உள்ளத்தில் நம்பிக்கை என்னும் விதையை ஊன்றுவேன்" என்று முழங்கினார். நடு நாற்காலி நெகிழ்ந்து பத்துக்கு ஒன்பது போட்டது. இடப்பக்க நாற்காலி ஆறுதான் போட்டது. அந்த ஆறு மதிப்பெண்ணுக்காகக் காசிநாதன் இடப்பக்க நாற்காலியோடு இரண்டு நாள் பேசவில்லை; சாப்பாட்டுக்குக்கூட வேறு நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதாங்களா? சோறு குழைஞ்சிரும்" என்று கேட்டுவிட்டுச் சுமதி உள்ளே போனார். இவ்வாறு பன்னிரண்டு நாள் பயிற்சி நடந்தது. பன்னிரண்டு நாளும் தேர்வு பெற்றவர் காசிநாதன்.

நேர்காணல் நாளும் வந்தது. அங்கன்வாடி வேலைக்கு உள்ளூர்க்காரர்கள்தாம் மனுச் செய்யலாம். ஆகவே போட்டியிடுகிற நால்வரும் ஒரே ஊர். நேர்காணலோ அரியலூரில், நால்வருக்கும் ஒரே நேரம்; ஆகவே பஸ்ஸும் ஒன்றே. சன்னலோரத்தில் அமர்ந்த சுமதி, கணவர் "இன்னொரு தடவ பாத்துடலாம்" என்று குரலெடுத்ததும், முந்தானையைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உறங்கிப்போனார். அதனால் பயிற்சி நின்றுவிடுமா? பின்னிருக்கையிலிருந்து மலர்கொடி தலையை நீட்டினாள்.

"அண்ணே, அழுவுற புள்ளைக்கு என்னண்ணே சொல்றது?"

அவள் தம் மனைவிக்குப் போட்டி என்பது காசிநாதனுக்குத் தெரியும். அவள் மனுவை நகலெடுத்துக் கொடுத்தவரே அவர்தாம். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்ட பிறகு, பதிலை வயிற்றில் வைத்துக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் போக முடியும்? அடுத்த நிறுத்தம் வருமுன் அழுகை முதல் மொழியாயிற்று, விதை ஊன்றப்பட்டது. மற்ற இரு போட்டியாளர்களான ஜெயசித்ராவும் கொளஞ்சியம்மாளும் பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்கள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார், விதைக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டவர் நடத்துநர்.

அலுவலகத்தில் காசிநாதன் திறந்திருந்த சன்னலுக்கு வெளியே இடம் பிடித்தார். மலர்கொடி உள்ளே போனாள். "ஐயா, அழுகை என்பது குழந்தையின் முதல் மொழி..." காசிநாதனுக்குப் புல்லரித்தது. ஜெயசித்ரா போனாள், "முதல் மொழி..." என்றதும் கண் கலங்கிற்று. கொளஞ்சியம்மாள் "அழுகை" என்று தொடங்கியதுமே, மேசைக்குப் பின்னாலிருந்த மூவரும் சேர்ந்து, "விதையை ஊன்றுவேன்" என்று முடித்துவைத்தார்கள். வெற்றி மேல் வெற்றி! நான்காவதாகத் தம் மனைவி உள்ளே நுழைவதைக் கண்டபோதுதான், இது யாருடைய நேர்காணல் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"குழந்தை விடாம அழுவுதும்மா. என்ன செய்வீங்க?" அதிகாரியின் குரலில் எதிர்பார்ப்பே இல்லை.

சன்னலுக்கு வெளியே காசிநாதனின் வாய் ஓசையின்றி அசைந்தது. சுமதி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"எந்தப் புள்ளங்க சார்?"

"ஏதோ ஒரு குழந்தைம்மா."

"புள்ளைக்குப் புள்ள மாறுங்களே சார். மொதல்ல சட்டையக் கழட்டி எறும்பு கடிச்சிருக்கான்னு பாப்பேன். அப்புறம் பசியா, ஈரமான்னு பாப்பேன். ஒண்ணும் இல்லன்னா இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு என் வேலையப் பாப்பேன். பாதி அழுவ அதுலயே நின்னுடுமுங்க."

"நிக்கலன்னா?"

"அவங்கம்மாளுக்குப் போன் போடுவேங்க. வேற என்ன பண்றது?"

காசிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் "விதைய வுட்டுட்டியேடி" என்றார், ஒரே ஒரு முறை. பிறகு செந்துறை வரும்வரை நிறுத்தவில்லை.

பத்தொன்பதாம் நாள் பணி ஆணை வந்தது, சுமதியின் பெயருக்கு. சுமதி அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஜவுளிக்கடைக்குப் போன் செய்து, நாளை முதல் வர இயலாது என்றார். காசிநாதனோ ஆணையை முப்பது பிரதி எடுத்து, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டி, "எல்லாம் நான் குடுத்த டிரெயினிங்" என்றார். இப்போது அவர் கடையில் கூட்டம் தாங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றைமட்டும் நினைத்துப் பாருங்கள். சுமதி சொன்ன பதிலைப் படித்ததும், நல்ல பதில்தான், ஆயினும் இதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்குமே என்று உங்கள் மனம் ஒரு திருத்தம் போட்டதா இல்லையா? போட்டிருந்தால், ஐயா, அம்மா, பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்: அந்த நேர்காணலுக்கு உங்களை யாரும் அழைக்கவில்லை.